தேதி போட்டு எழுதி வைத்த மனிதர்

என் அப்பா 2024 தை மாதம், 91 வயதில் காலமானார். வேதியியல் படித்து, வேதியியலிலேயே வேலை பார்த்து, ஓய்வுக்குப் பிறகும் அதை விடாதவர். அம்மாவோடு 60 வருடத்துக்கு மேல் குடும்பம் நடத்தி, எங்கள் மூன்று பேரையும் ஆளாக்கி, கொள்ளுப்பேத்தியையும் மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டுத்தான் போனார். கல்யாணச் சாவு என்றார்கள், ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் இருக்கும் எங்கள் ஊரான மண்டபத்தில்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் "தங்கமான மனுசர்" என்றார்கள். உண்மைதான். ஆனால் அதை எந்தத் துக்க வீட்டிலும் கேட்கலாம். அப்பாவிடம் மட்டும் இருந்த குணம் வேறு. எதையும் அளந்து பார்ப்பார், அளந்ததை எழுதுவார், எழுதியதற்குக் கீழே தேதி போடுவார். எங்களை அவர் நேசித்த விதமும் அதுதான் என்று நான் நினைக்கிறேன். அந்தப் பழக்கத்தால் எங்கள் குடும்பம் பிழைத்த இடங்கள் சில உண்டு. இந்தக் கடற்கரையில் வீடு கட்டுகிறவர்களுக்கும், வயதானவர்களை வைத்துப் பார்க்கிறவர்களுக்கும் அவை உதவும் என்பதால் எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது மண்டபத்தில். பள்ளிப்படிப்பு ராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியில், பி.எஸ்சி. காரைக்குடி அழகப்பா கல்லூரியில். அவர் படித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்துக் கொண்டுவந்தது. 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரியில் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். எங்கள் பக்கம் யாரும் அந்த நீளமான பெயரைச் சொல்வதில்லை, 'சிக்ரி'தான். 1955-இல் அப்பா அங்கே ஆய்வுக்கூட உதவியாளராகச் சேர்ந்தார். சில வருடம் காரைக்குடி, அதன்பின் பெரும்பகுதி மண்டபம் கேம்ப்பில் இருந்த அரிப்புச் சோதனை நிலையம். ஊரில் அவர் பெயரே 'சிக்ரி சார்' ஆகிவிட்டது.

அங்கே என்ன வேலை என்று சின்ன வயதில் கேட்டால், "இரும்பு துருப்பிடிக்கிறதை வேடிக்கை பாக்குற வேலை ஆத்தா" என்பார். அது வேடிக்கை பார்க்கிற வேலை இல்லை என்பது பெரியவளான பிறகுதான் புரிந்தது. கடலைப் பார்த்துச் சாய்வாக மரச்சட்டங்கள் நிற்கும். அதில் இரும்பு, துத்தநாகம், அலுமினியம் என்று உள்ளங்கை அகலத் தகடுகள் வரிசையாக மாட்டியிருக்கும். மாட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் எடை போட வேண்டும், ஒரு கிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வரை. சில மாதமோ ஒரு வருடமோ காற்றில் கிடந்த பிறகு எடுத்து, துருவை மட்டும் கரைத்து, அடியில் இருக்கும் நல்ல இரும்பைத் தொடாத ஒரு கரைசலில் முக்கி, கழுவி, உலர்த்தி, மறுபடி எடை. இரண்டு எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் கடல் தின்ற இரும்பு. அதை வைத்து வருடத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் கரைகிறது என்று கணக்குப் போடுவார்கள். பாம்பன் பாலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் உப்புக்காற்று என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த உப்பு எவ்வளவு, எந்த மாதத்தில் எவ்வளவு என்று அளந்தவர்களில் எங்கள் அப்பாவும் ஒருவர்.

காற்றில் உப்பை எப்படி அளப்பது? ஈரத்திரி என்று ஒன்று உண்டு. ஒரு குப்பியில் தண்ணீர், அதில் நிற்கும் குழாயைச் சுற்றித் துணித்திரி, திரியின் நுனிகள் தண்ணீருக்குள் தொங்கும். மழை படாமல் மேலே ஒரு கூரை. காற்றில் வரும் உப்பு ஈரத்துணியில் ஒட்டிக்கொள்ளும். மாதம் முடிந்ததும் திரியைக் குப்பித் தண்ணீரிலேயே அலசி, அதில் உப்பின் ஒரு பாகமான குளோரைடு எவ்வளவு என்று வெள்ளி நைட்ரேட்டை வைத்துப் பார்ப்பார்கள். பொட்டாசியம் குரோமேட் கலந்து மஞ்சளாக இருக்கும் கரைசலில் அதைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். உப்பு இருக்கும்வரை வெள்ளை வெள்ளையாகத் திரியும். உப்பு தீர்ந்த அடுத்த சொட்டில் செங்கல் நிறம் வரும். அந்த ஒரு சொட்டில் நிறுத்தத் தெரிந்தவன்தான் வேதியியல்காரன் என்பார்.

வெள்ளி நைட்ரேட் விரலில் பட்டால் உடனே ஒன்றும் தெரியாது. வெயில் பட்டபின் கருக்கும். சோப்புக்கும் எலுமிச்சைக்கும் போகாது, தோல் உரிந்தால்தான் போகும். அப்பாவின் வலது கை ஆட்காட்டி விரலும் கட்டைவிரலும் எனக்குத் தெரிந்து எப்போதும் பழுப்புக் கறுப்பாகவே இருந்தன. என் கல்யாண போட்டோவில் தாரை வார்க்கும் கையில் அந்தக் கறை தெரியும். போட்டோவைச் சரிசெய்து தருகிறேன் என்று ஸ்டூடியோக்காரர் சொன்னபோது நான் விடவில்லை.

அவருடைய நோட்டில் எண்களுக்குப் பக்கத்தில் காற்றின் பெயர் இருக்கும். கச்சான், சோழகம், வாடை, கொண்டல் என்று கடலுக்குப் போகிறவர்கள் சொல்லும் அதே பெயர்கள். மண்டபத்தில் நின்றால் ஒரு பக்கம் தென்கடல், மறுபக்கம் வடகடல். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வாடை வந்தால் வடகடல். எந்தக் காற்றுக்கு எந்தத் தகடு அதிகம் கரைகிறது என்பதைத் துடுப்புப் போடுகிறவர்களிடம் கேட்டுத்தான் அவர் முதலில் பிடித்தாராம். அவர்கள் கணித்தது எடையிலும் அப்படியே வந்தது என்று சொல்லும்போது அவர் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும்.

ஆபீஸ் சாமான் ஒன்றுகூட வீட்டுக்கு வராது. வீட்டுக் கிணற்றைச் சோதிக்கச் சொந்தக் காசில் மதுரையிலிருந்து ஒரு சின்னக் கறுப்புப் பாட்டில் வெள்ளி நைட்ரேட் வாங்கி வைத்திருந்தார். அதைப் பூட்டி வைத்த அலமாரியின் சாவி அவர் இடுப்பில் இருக்கும். வீட்டில் இருந்த எல்லாப் பாட்டிலுக்கும் லேபிள் உண்டு, தேங்காயெண்ணெய்க்கும் கூட. பெயர், திறந்த தேதி, ஆபத்தானது என்றால் சிவப்பு மையில் ஒரு கோடு. கக்கூஸ் கழுவும் ஆசிட்டைப் பழைய கலர் பாட்டிலில் ஊற்றி வைக்கும் வழக்கம் அப்போது எல்லா வீட்டிலும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. அதைப் பார்த்தால் மட்டும் அப்பாவுக்குக் கோபம் வரும். சொந்தக்காரர் வீடென்றும் பார்க்க மாட்டார், கையோடு மாற்றிவிட்டுத்தான் காபி குடிப்பார். குழந்தை இருக்கும் வீட்டில் இதைவிட முக்கியமான காரியம் வேறில்லை என்று நானும் சொல்வேன். குடிக்கிற பாட்டிலில் குடிக்கக் கூடாததை ஊற்றவே கூடாது.

இன்னொன்று, பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் போடக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவைச் சாத்திக்கொண்டு குளியலறை கழுவுகிறவர்களுக்கு மூச்சு அடைத்துவிடும். ஆசிட்டை நீர்க்க வைக்க வேண்டுமென்றால் தண்ணீரில்தான் ஆசிட்டை மெதுவாக விட வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டுவிட்டால் வைத்தியம் எதுவும் யோசிக்காமல் குழாயைத் திறந்து ஒரு கால் மணி நேரமாவது கழுவ வேண்டும், அப்புறம் ஆஸ்பத்திரி. யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. இறங்கும்போது சுட்டது ஏறும்போதும் சுடும். எங்களுக்கு இதெல்லாம் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம்.

1964 புயல் அடித்தபோது எனக்கு இரண்டு வயது. டிசம்பர் 22 இரவு. தனுஷ்கோடி போனது, பாம்பனிலிருந்து அங்கே போன பாசஞ்சர் ரயிலும் அதில் இருந்தவர்களும் போனார்கள். அம்மாவும் நானும் மண்டபத்தில் ஆச்சி வீட்டில். அப்பா காரைக்குடியில். தகவல் கிடைத்ததும் ராமநாதபுரம் வரை பஸ், அங்கிருந்து கிடைத்த லாரி, மீதி நடை என்று வந்து சேர்ந்தாராம். எங்களைப் பார்த்து, ஆச்சி கொடுத்த கஞ்சியைக் குடித்துவிட்டு, மறுநாளே கிணறுகளைச் சுத்தம் செய்யக் கிளம்பிவிட்டார். அம்மா அதை இன்றைக்கும் கொஞ்சம் வருத்தத்தோடும் நிறையப் பெருமையோடும்தான் சொல்வார். புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தை ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் 46 நாளில் சரிசெய்து ரயில் ஓட்டியதும் அதை ஒட்டிய கதைதான். அப்பா அதைத் திரும்பத் திரும்பச் சொல்வார்.

கிணற்றுக்குப் பிளீச்சிங் பவுடர் போடும் முறையை அப்பா ஒரு தாளில் எழுதி ஆச்சி வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்தார். ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஊருக்கு ஊர் இதைத் தப்பாகச் செய்கிறார்கள் என்பதால் விவரமாகவே சொல்கிறேன். தண்ணீர் கலங்கிக் கிடந்தால் முதலில் இறைத்துவிட வேண்டும். கலங்கலில் மருந்து வேலை செய்யாது. பிறகு கிணற்றில் எத்தனை லிட்டர் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வட்டக் கிணற்றின் விட்டத்தை மீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, தண்ணீரின் ஆழத்தால் பெருக்கி, 0.785-ஆல் பெருக்கினால் கனமீட்டர் வரும். ஒரு கனமீட்டர் ஆயிரம் லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு நல்ல பவுடர் இரண்டரை கிராம். இரண்டு மீட்டர் விட்டம், இரண்டு மீட்டர் தண்ணீர் என்றால் சுமார் 6,280 லிட்டர், 16 கிராம் போதும். அள்ளி அள்ளிக் கொட்டுகிறார்களே, அதெல்லாம் பயத்தில் செய்வது. பவுடரை வாளியில் கூழாகக் கரைத்து, தண்ணீர் ஊற்றிக் கலக்கி, சற்றுத் தெளிய விட வேண்டும். தெளிந்ததை மட்டும் வேறு வாளியில் இறுத்துக் கிணற்றுக்குள் இறக்கி, ஏற்றி இறக்கிக் கலக்க வேண்டும். அடியில் நிற்கும் சுண்ணாம்புக் கசடு கிணற்றுக்குள் போனால் தண்ணீரின் கடினம் கூடும். ஒரு மணி நேரம் கழித்துத்தான் எடுத்துப் புழங்கலாம். பவுடர் புதிதாக இருக்கும்போது அதில் குளோரின் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கும். நம் கடற்கரை ஈரக்காற்றில் மூட்டையைத் திறந்து போட்டால் அது கரைந்து போய்விடும், வெறும் சுண்ணாம்புதான் மிஞ்சும். மூக்கில் சுருக்கென்று ஏறாத பவுடரை நம்ப வேண்டாம்.

எங்கள் வீட்டுக் கிணற்றுக்குத் தனி நோட்டு உண்டு. மாதம் ஒரு முறை குளோரைடு அளவு, நீர்மட்டம், காற்று, தேதி. ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு எண் இறங்கும், சித்திரை வைகாசியில் ஏறும். குடிதண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 1,000 வரை என்பது இந்தியத் தரம். பக்கத்து வீட்டில் மோட்டார் போட்ட வருடம் எங்கள் எண் தாண்டிக் குதித்ததை அப்பா நோட்டில் காட்டினார். இந்த மணல் பூமியில் மழையில் இறங்கிய நல்ல தண்ணீர் கனமான உப்புத்தண்ணீருக்கு மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் அடியில் சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே ஒரு அடியை இறைத்துவிட்டால் கீழே அத்தனை அடி உப்பு ஏறும். அதனால்தான் தனுஷ்கோடிப் பக்கம் சனங்கள் கையால் தோண்டிய ஊற்றில் சிரட்டையால் மொண்டு எடுக்கிறார்கள், ஆழமாகத் தோண்டுவதில்லை. அப்பா பக்கத்து வீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போகவில்லை. நோட்டை எடுத்துப்போய்க் காட்டினார். "தம்பி, ஒரே மூச்சா ஓட்டாதீங்க. கொஞ்ச நேரம் ஓட்டி, ஊற விட்டு ஓட்டுங்க. உங்க தண்ணியும் கெடாது, என் தண்ணியும் கெடாது." அவர் கேட்டார். நோட்டில் எண் இருந்ததால் கேட்டார் என்றுதான் நான் சொல்வேன்.

வீடு கட்டியது 1978-இல். கொத்தனார் நல்ல வேலைக்காரர், ஆனால் கடற்கரை மணலையும் கிணற்றுத் தண்ணீரையும் போட்டுக் கட்டிவிடலாம் என்றார். ஊரில் எல்லாரும் அப்படித்தான் கட்டினார்கள். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி சாதாரணமாகத் துருப்பிடிக்காது, சிமென்ட்டின் காரம் அதைக் காப்பாற்றும். குளோரைடு கம்பி வரை போய்விட்டால் அந்தக் காப்பு உடைந்துவிடும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், உள்ளேயிருந்து தள்ளிக் கான்கிரீட்டைப் பிளக்கும். நம் பக்கம் மச்சு வீடுகளில் கூரை பெயர்ந்து விழுவதெல்லாம் இதனால்தான். மணலுக்கு வைகை மணல், கலக்கவும் நனைக்கவும் நல்ல தண்ணீர் என்று வண்டி வைத்துக் கொண்டுவந்தார். பணம் போதாமல் அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது.

கம்பிக்குக் கீழே சல்லிக்கல்லை வைத்து நிறுத்துவதுதான் அப்போது பழக்கம். அப்பா தட்டில் சிமென்ட் சாந்து ஊற்றி இரண்டு அங்குலக் கட்டைகள் வார்த்து, ஒவ்வொரு கம்பிக்கும் அடியில் தம் கையால் வைத்தார். இன்றைக்கு அதற்குக் கவர் பிளாக் என்று பெயர், கடையிலேயே கிடைக்கிறது. இப்போதுள்ள ஐ.எஸ். 456 என்ற இந்தியக் கான்கிரீட் விதியும் அதைத்தான் சொல்கிறது. கடற்கரைக் காற்று படும் கான்கிரீட்டுக்குக் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடல், அலைத்தூறல் படும் இடமென்றால் 50. கான்கிரீட்டின் வலுவைச் சொல்லும் தரம் எம்-30-க்குக் குறையக் கூடாது, தூறல் படும் இடத்தில் எம்-35. கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. வீடு கட்டுகிறவர்கள் டைல்ஸ் பார்க்கப் போகும் நேரத்தில் பாதியைச் சென்ட்ரிங் மேலே ஏறி இதைப் பார்க்கச் செலவழித்தால் போதும். எங்கள் வீட்டுக் கூரையில் இதுவரை ஒரு இடத்திலும் பெயரவில்லை.

ஜன்னல் கிரில் விஷயத்திலும் ஒன்று. பளபளப்பாக இருக்கிறது என்று கடலோரத்தில் எவர்சில்வர் கிரில் போடுகிறவர்கள் எந்த ரகம் என்று கேட்டு வாங்க வேண்டும். 304 ரகம் நம் காற்றில் பழுப்புப் புள்ளி போடும். மாலிப்டினம் கலந்த 316 தாங்கும், விலை கூட. சாதா இரும்பு என்றால் துருவை முழுக்கச் சுரண்டி எடுத்து, நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, காய்ந்தபின் பிரைமர், அப்புறம்தான் பெயின்ட். துருவுக்கு மேலேயே பெயின்ட் அடிப்பது வீண் செலவு. மழை படாத இடத்து கிரில்தான் சீக்கிரம் கெடும், ஏனென்றால் உப்பைக் கழுவ ஆளில்லை. கச்சான் காலத்தில் அவற்றை நல்ல தண்ணீரில் துடைத்துவிட்டால் வருடக்கணக்கில் நிற்கும்.

வேலைக்காரராக இவ்வளவு சொல்லிவிட்டேன். வீட்டு மனிதராக அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது பாத்திரம் கழுவும் அப்பாதான். எழுபதுகளில் எங்கள் தெருவில் ஆண்பிள்ளை யாரும் தொட்டியடியில் உட்கார மாட்டார்கள். அப்பா உட்காருவார். "லேப்ல முதல் வருசம் பூரா கண்ணாடிச் சாமான் கழுவித்தான் கத்துக்கிட்டேன். அங்க கழுவுற கை இங்க கழுவாதா?" என்பார். மூன்று தண்ணீர் அலசுவார். கடைசியாகக் கண்ணாடித் தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். தண்ணீர் துளித்துளியாக ஒட்டி நின்றால் இன்னும் எண்ணெய்ப் பசை இருக்கிறது, ஒரே படலமாக வழிந்தால் சுத்தம். நாங்கள் மூன்று பேரும் அந்தச் சோதனைக்குத் தப்பியதில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி வந்த பிறகு அந்த வேலையை முழுக்க அவரே எடுத்துக்கொண்டார், 85 வயது வரை.

அம்மாவுக்கும் அவருக்கும் சத்தமான பேச்சு இருக்காது. சனிக்கிழமை மீன் வாங்கிவந்து செவுளைத் திறந்து காட்டுவார், அம்மா தலையை ஆட்டினால் சரி. அம்மாவின் ஒவ்வொரு பிரசவத்துக்கும் ஒரு பக்கம் உண்டு அவர் நோட்டில். வலி எடுத்த நேரம், குழந்தையின் எடை, அம்மா முதலில் என்ன சாப்பிட்டார் என்பதுவரை.

கடைசி ஐந்தாறு வருடம் அவரைப் பேச வைத்துப் போனில் பதிவு செய்தேன். இதில் நான் கற்றது ஒன்று உண்டு. "உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்கப்பா" என்றால், "என்னத்தச் சொல்ல, போச்சு நல்லபடியா" என்று முடித்துவிடுவார். சொட்டு விடும் கண்ணாடிக் குழாயான ஒரு பழைய பியூரெட்டையோ 1964 காலண்டர் தாளையோ கையில் கொடுத்தால் ஒரு மணி நேரம் பேசுவார். பொருளைக் கையில் கொடுத்துக் கேளுங்கள். போட்டோவைவிட வேலைச் சாமான் நன்றாகப் பேச வைக்கிறது. காலையில் கேளுங்கள், பக்கத்தில் அவர் மனைவியை உட்கார வையுங்கள். அப்பா மறந்த பெயரை எல்லாம் அம்மாதான் எடுத்துக்கொடுத்தார். பேசி முடித்ததும் தேதியைச் சொல்லிப் பதிவை நிறுத்துங்கள். இது அப்பாவே வைத்த விதி.

அவருக்கு 89 நடந்தபோது, கத்திரி வெயில் நேரம், இரண்டு நாளில் ஆளே மாறிவிட்டார். என்னைத் தன் அக்கா பெயரைச் சொல்லி அழைத்தார். காலண்டரை வெறித்துப் பார்த்தார். முதலில் பார்த்த மருத்துவர், "வயசாயிருச்சும்மா, இனிமே இப்படித்தான்" என்றார். என் தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. "அளக்காம சொன்னா அப்பாவே ஏத்துக்க மாட்டாரு" என்று சொல்லி ரத்தம் எடுக்க வைத்தான். சோடியம் 118. இருக்க வேண்டியது 135-இலிருந்து 145. ரத்த அழுத்தத்துக்கு அவர் சாப்பிட்ட மாத்திரைகளில் ஒன்று நீர் பிரிய வைப்பது. அது சோடியத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அதோடு வெயில், வியர்வை, உப்பில்லாக் கஞ்சி. ஆஸ்பத்திரியில் சேர்த்து மெதுவாக ஏற்றினார்கள். அவசரப்பட்டு ஏற்றினால் மூளை பாதிக்கும் என்பதால் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். தெளிந்து வரும்போது அவர் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு இருந்துச்சு?" 118 என்றேன். "மில்லி ஈக்விவலன்ட்தானே?" என்று அலகைக் கேட்டார். நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

வயதானவர்கள் திடீரென்று, ஓரிரு நாளில் குழம்பினால் அதை மறதி நோய் என்று விட்டுவிடாதீர்கள். மறதி நோய் மெதுவாக வரும். சோடியம், சர்க்கரை, சிறுநீர்த் தொற்று இந்த மூன்றையும் அன்றே பார்க்கச் சொல்லுங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் பெயரையும், ஆரம்பித்த தேதியையும் ஒரு தாளில் எழுதிக் கையோடு கொண்டுபோங்கள். அப்பா தம் மாத்திரைத் தாளைத் தாமே எழுதி வைத்திருந்ததால்தான் எந்த மாத்திரை காரணம் என்று அன்றைக்கே பிடிபட்டது. நீங்களாக மாத்திரையை நிறுத்தவோ உப்பைக் கூட்டவோ வேண்டாம், அது மருத்துவர் முடிவு.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் நன்றாகவே இருந்தார். காகிதங்களை எல்லாம் எங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அடுக்கினார். ஓய்வூதிய ஆணையில் அம்மாவின் பெயர் ஒரு மாதிரியும் ஆதாரில் வேறு மாதிரியும் இருந்ததைக் கண்டுபிடித்து, தாம் இருக்கும்போதே சரிசெய்தார். இதை எல்லாரும் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். ஒரு எழுத்து வித்தியாசத்துக்காக, துக்கத்தில் இருக்கும் அம்மாக்கள் அலைய வேண்டியிருக்கிறது. வங்கிக் கணக்கு இருவர் பேரிலும் இருக்கட்டும். வாழ்நாள் சான்று நவம்பரில் கொடுக்க வேண்டும், 80 தாண்டியவர்கள் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே கொடுக்கலாம். மத்திய அரசு ஓய்வூதியத்தில் 80 வயதானதும் 20 சதவீதம் கூடும், 85-இல் 30, 90-இல் 40, 95-இல் 50, நூறு வயதில் முழுசாக இன்னொரு பங்கு. குடும்ப ஓய்வூதியத்துக்கும் அப்படியே, வாங்குகிறவரின் வயதை வைத்து. அதற்குப் பிறந்த தேதிக்குச் சான்று வேண்டும். அப்பா காலமான பிறகு 21 நாளுக்குள் இறப்பைப் பதிவு செய்து, சான்றிதழ் பல நகல் வாங்கி, அவர் கட்டி வைத்த கோப்போடு கொடுத்தோம். அம்மாவுக்கு எந்த அலைச்சலும் இல்லாமல் பணம் வந்தது. கோப்பின் மேல் அப்பா எழுதியிருந்தது, "எனக்குப் பின். முதலில் இதைத் திறக்கவும்."

காரியம் முடிந்த பிறகு அலமாரியைத் திறந்தோம். வெள்ளி நைட்ரேட் கொஞ்சம், பொட்டாசியம் குரோமேட் கொஞ்சம், வேறு சில உப்புகள். இவற்றைச் சாக்கடையிலோ கிணற்றடியிலோ கொட்டக் கூடாது. குரோமேட் புற்றுநோய் உண்டாக்குவது, மண்ணில் போட்டால் தண்ணீருக்குப் போகும். ஒரு கல்லூரி வேதியியல் துறையில் கேட்டோம். எல்லாப் பாட்டிலிலும் பெயர், செறிவு, திறந்த தேதி இருந்ததால் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார்கள். என்னவென்று தெரியாத பாட்டிலை யாரும் வாங்க மாட்டார்கள் என்று அங்கிருந்த பேராசிரியை சொன்னார். பியூரெட்டையும் கேட்டார், அதைக் கொடுக்கவில்லை. கிணற்று நோட்டைத் தம்பி மகன் வாங்கிக்கொண்டான். சிவில் படிக்கிறான், எண்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறான். மாதாமாதம் தண்ணீர் எடுத்துச் சோதிப்பதும் இப்போது அவன்தான்.